துறைமுகமும் சுங்க வரியும்: வடசென்னையை முன்வைத்து நுகர்வோர் மின்னணுப் பொருள் சந்தையின் போட்டி உத்திகள்

ஆய்வுச் சுருக்கம்

நுகர்வோர் மின்னணுப் பொருள்களுக்கிடையேயான போட்டியை ஆராய்வோர் தொழில்நுட்பம், விலை, விளம்பரம், வணிகப்பெயர் ஆகியவற்றையே அளவுகோல்களாகக் கொள்வது வழக்கம். ஒரு பொருள் நாட்டின் எல்லையைக் கடந்து நுகர்வோர் கைக்கு வந்துசேர ஆகும் செலவும் போட்டியின் போக்கை முடிவுசெய்யும் காரணியாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னைத் துறைமுகத்தின் எதிரே 1969ஆம் ஆண்டில் உருவான பர்மா பஜார், அதே காலத்தில் வளர்ந்த சென்னைத் தொலைக்காட்சி நிறுவனங்கள், 2006க்குப் பின் திருப்பெரும்புதூரில் அமைந்த பன்னாட்டு ஆலைகள் ஆகிய மூன்றும் இங்கு ஒரே வரிசையில் வைத்து நோக்கப்படுகின்றன. மூன்றின் ஏற்றமும் இறக்கமும் சுங்கக் கொள்கையின் மாற்றத்தோடு பிணைந்திருப்பது காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பர்மா பஜார், சுங்க வரி, மின்னணுத் தொழில், போட்டி உத்தி, சரக்குப் பெட்டகம், வடசென்னை.

முன்னுரை

கடல் வணிகத்தையும் சுங்கத்தையும் இணைத்துப் பார்ப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காவலர் ஏற்றுமதிப் பொருள்களுக்கும் இறக்குமதிப் பொருள்களுக்கும் புலிப்பொறி இட்டு வரிகொண்ட செய்தியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. அரசனுக்கு உரிய பொருள்வகைகளுள் ஒன்றாக உல்குபொருளைத் திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் எண்ணுகிறது. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். சுங்கத்தை விதித்ததும் நீக்கியதும் வரலாற்றில் பதியத்தக்க நிகழ்வுகளாக இருந்தமைக்கு, அவை வணிகரின் வாழ்வையே மாற்றியமைத்ததுதான் காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானொலிப் பெட்டி, ஒலிப்பதிவுக் கருவி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய பொருள்களின் வணிகத்திலும் இதே உறவைக் காணமுடிகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வடசென்னைக் கடற்கரைப் பகுதியும் அதன் தென்முனையில் அமைந்த இராஜாஜி சாலையும் இவ்வுறவைக் கண்கூடாகக் காட்டும் களங்களாகும். துறைமுகம், சுங்க மாளிகை, வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு ஆகிய மூன்றும் சில நிமிட நடையில் அடங்கிவிடும் இடம் அது. அங்கு நடந்த வணிகத்தைக் கடத்தல் என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடாமல், போட்டி உத்தி என்ற கோணத்தில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எல்லைக் கடப்புச் செலவு: கருத்து விளக்கம்

மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த ஐந்து விசைக் கோட்பாடு போட்டி உத்தி பற்றிய பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெறுகிறது. ஏற்கெனவே களத்தில் உள்ளோரின் போட்டி, புதிதாக நுழைவோரின் அச்சுறுத்தல், மாற்றுப் பொருள்களின் அச்சுறுத்தல், வாங்குவோரின் பேரவலிமை, வழங்குவோரின் பேரவலிமை என்பன அவ்வைந்து விசைகள். போர்ட்டர் அரசைத் தனியொரு விசையாகக் கொள்ளவில்லை. ஐந்து விசைகளையும் பாதிக்கும் காரணியாகவே கருதினார். இந்திய மின்னணுச் சந்தையைப் பொறுத்தவரை இக்காரணியின் எடை மிகுதி. யார் நுழையலாம், எதை இறக்குமதி செய்யலாம், எவ்வளவு வரி செலுத்த வேண்டும் என்பவற்றை அரசே நெடுங்காலம் முடிவுசெய்தது.

ஒரு பொருளின் வெளிநாட்டு விலைக்கும் உள்ளூரில் அது கிடைக்கும் விலைக்கும் இடையிலான வேறுபாட்டில் சுங்க வரி, உரிமம் பெறும் செலவு, போக்குவரத்து, காலத்தாழ்வு, பிடிபடும் இடர் ஆகிய அனைத்தும் அடங்கும். இவற்றின் தொகுப்பே இங்கு எல்லைக் கடப்புச் செலவு எனப்படுகிறது. இச்செலவு எல்லோருக்கும் சமமாக இருப்பதில்லை. அதைப் பிறரைவிடக் குறைவாகச் செலுத்துபவருக்குக் கிடைக்கும் ஆதாயம், அவருடைய உற்பத்தித் திறனால் விளைந்ததன்று. தடை இருப்பதால் விளைந்தது.

இந்தத் தடைவழி ஆதாயத்தை ஆன் குரூகர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தியா, துருக்கி ஆகிய நாடுகளை எடுத்துக்காட்டி ஆராய்ந்தார். ஆதாயத்தைப் பெறுவதற்காக நடக்கும் போட்டியிலேயே நாட்டின் வளம் விரயமாகிறது என்பது அவரது முடிவு. ஜகதீஷ் பகவதியும் பென்ட் ஹான்சனும் 1973இல் கடத்தலைக் கோட்பாட்டு நிலையில் ஆராய்ந்தனர். கடத்தல் விலையைக் குறைப்பதால் அது நாட்டுக்கு நன்மையே என்னும் எண்ணம் எப்போதும் பொருந்தாது என்று அவர்கள் காட்டினர். மறைத்துக் கொண்டுவருவதற்கும் மெய்யான உழைப்பும் பொருளும் செலவாகின்றன என்பதே அதற்குக் காரணம்.

கருத்தைத் தெளிவாக்க ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்ளலாம். வெளிநாட்டில் 100 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கருவிக்கு 150 விழுக்காடு வரி விதிக்கப்பட்டால், முறையாக இறக்குமதி செய்வோரின் அடக்கவிலை 250 ரூபாய். அதே கருவியை உள்ளூரில் உருவாக்க 200 ரூபாய் ஆகிறது என்றால் உள்ளூர் உற்பத்தியாளர் முறையான இறக்குமதியை எளிதில் வெல்வார். வரி செலுத்தாமல் கொண்டுவருபவருக்குப் பயணம், இடர் ஆகியவற்றுக்காக 60 ரூபாய் கூடுதலாகிறது என்றால் அவரது அடக்கவிலை 160 ரூபாய். இனி வரி 20 விழுக்காடாகக் குறைகிறது எனக் கொள்வோம். முறையான இறக்குமதி 120 ரூபாய்க்கு வந்துவிடும். அப்போது 160 ரூபாயில் நிற்கும் மறைமுக வணிகரும் 200 ரூபாயில் நிற்கும் உள்ளூர் உற்பத்தியாளரும் ஒரே நாளில் போட்டித்திறனை இழக்கின்றனர். எதிரெதிர் அணியில் நின்ற இருவரையும் தாங்கிநின்ற தூண் ஒன்றே என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

2. அடைத்த சந்தையின் இரு போட்டியாளர்கள் (1969 – 1991)

2.1 பர்மா பஜாரின் தோற்றம்

பர்மாவில் 1962இல் நே வின் தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கு வணிகம் செய்துவந்த தமிழர்கள் ஈட்டிய பொருளைக் கொண்டுவர இயலாமல் கப்பலேறினர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியோரில் பலர் வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களது பிழைப்புக்காகத் தமிழ்நாடு அரசு 1969இல் பாரிமுனைக்கும் கடற்கரை இரயில் நிலையத்துக்கும் இடையே சாலையோரத்தில் சிறுகடைகளை ஒதுக்கியது. அதுவே பர்மா பஜார்.

கடைகளின் பரப்பு சிறிது, முதலீடும் சிறிது. ஆனால் இடம் பெரிது. எதிரே துறைமுகம், அருகே சுங்க மாளிகை, பின்புறம் ஜார்ஜ் டவுனின் மொத்த வணிகத் தெருக்கள், கைக்கெட்டும் தொலைவில் இரயில் நிலையம். கப்பலில் வந்திறங்கும் மாலுமியும் பயணியும் தம்மிடமுள்ள கருவியை விற்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புறநகர் இரயிலில் வந்திறங்கும் வாங்குநரும் தேடி அலைய வேண்டியதில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய நாட்டில், வெளிநாட்டுப் பொருளை விற்பவரும் வாங்குபவரும் சந்திக்கும் புள்ளியாக அவ்விடம் இயல்பாகவே அமைந்தது.

இங்கு விற்கப்பட்டவை அனைத்தும் கடத்தற்பொருள்கள் என்று கொள்வது பொருந்தாது. பயணியர் வரி செலுத்திக் கொண்டுவந்தவை, சுங்கத்துறை பறிமுதல் செய்து ஏலத்தில் விட்டவை, வரி செலுத்தாமல் வந்தவை ஆகிய மூவகைப் பொருள்களும் ஒரே தட்டில் கலந்திருந்தன. கடைக்காரர் நீண்ட சங்கிலியின் இறுதிக் கண்ணி மட்டுமே. சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் சென்று பொருள்களைச் சுமந்துவரும் ஆளைக் குருவி என்று அழைக்கும் வழக்கு இச்சூழலில் பரவியது. குருவிக்குக் கிடைத்தது பயணச் செலவும் கூலியும். முதலீடு செய்தவருக்கே ஆதாயத்தின் பெரும்பகுதி சென்றது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமும் (1973) கடத்தல் தடுப்புக்கான காவல் சட்டமும் (1974) பிடிபடும் இடரைக் கூட்டின. இடர் கூடியபோது வணிகம் அழியவில்லை. இடரைத் தாங்கும் வலிமையுள்ள முதலீட்டாளரின் பங்கே அதில் கூடியது.

2.2 உரிமம் பெற்ற உற்பத்தியாளர்

இதே காலத்தில் எல்லையின் உட்புறத்தில் மற்றொரு போட்டியாளர் வளர்ந்தார். மத்திய அரசு 1970இல் மின்னணுத் துறையையும் 1971இல் மின்னணு ஆணையத்தையும் நிறுவியது. தொலைக்காட்சிப் பெட்டி உற்பத்தியில் வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாக நுழைய இயலாத நிலை உருவாக்கப்பட்டது. சிறுதொழில் நிறுவனங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் 1977இல் அமைக்கப்பட்டது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபோது, பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பொருத்தி விற்க வழி திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டயனோரா, சாலிடெய்ர் ஆகிய பெயர்கள் தென்னிந்திய வீடுகளில் பழகிய பெயர்களாயின.

இந்நிறுவனங்களின் உத்தி மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, உரிமத்தின் வழியே கிடைத்த பாதுகாப்பு. இரண்டாவது, வட்டார அளவிலான விற்பனையாளர் வலைப்பின்னல். மூன்றாவது, பழுதுநீக்கும் சேவை. குழாய்த்திரைப் பெட்டி அடிக்கடி பழுதாகும் கருவி என்பதால் வீட்டுக்கு வந்து சரிசெய்யும் பணியாளர் இருப்பதே வாங்குவோரின் முதற்கேள்வியாக இருந்தது. பர்மா பஜார் இந்த இடத்தில் போட்டியிட இயலவில்லை.

எனவே சந்தை தானாகவே இரண்டாகப் பிரிந்தது. கையில் தூக்கிச் செல்லத்தக்க, மறைக்க எளிதான, எடைக்கு விலை மிகுந்த ஒலிப்பதிவுக் கருவி, கைக்கடிகாரம், ஒளிப்படக் கருவி, காணொளிப்பதிவுக் கருவி ஆகியவை பஜாரின் பொருள்கள். பருமனான, பழுதுநீக்கம் தேவைப்படும் தொலைக்காட்சிப் பெட்டி உள்ளூர் உற்பத்தியாளரின் பொருள். இப்பிரிவினையை எந்த நிறுவனமும் திட்டமிட்டு வகுக்கவில்லை. பொருளின் பருமனும் எல்லைக் கடப்புச் செலவும் சேர்ந்து வகுத்தன.

2.3 நம்பிக்கையின் இரு வடிவங்கள்

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமான பொருள் வெளியேறிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். இரசீதும் உத்தரவாதமும் இல்லாத பர்மா பஜார் இக்கோட்பாட்டின்படி நிலைத்திருக்கவே கூடாது. ஆயினும் அது நிலைத்தது. கடையிலேயே மின்கலம் போட்டு இயக்கிக் காட்டுதல், பேரம் பேசுதல், தெரிந்தவரை உடனழைத்துச் செல்லுதல், கடை கடையாக விலை விசாரித்தல் ஆகிய வழக்கங்கள் உத்தரவாதச் சீட்டின் இடத்தை நிரப்பின. ஒரே சாலையில் கடைகள் தோளோடு தோள் நின்றதால் ஒருவர் சொன்ன விலையை அடுத்தவரிடம் சரிபார்க்க முடிந்தது. உற்பத்தி நிறுவனங்கள் வணிகப்பெயரின் வழியே பெற்ற நம்பிக்கையைப் பஜார் நெருக்கத்தின் வழியே பெற்றது எனலாம். இந்நம்பிக்கை முழுமையானதன்று, போலிப் பொருள்களால் ஏமாந்தோரும் உண்டு. ஆனால் அந்த இழப்பையும் கணக்கில் கொண்டே வாங்குவோர் பேரம் பேசினர்.

3. பயணியர் கப்பலும் சரக்குப் பெட்டகமும்

பஜாரின் வளர்ச்சிக்குத் துறைமுகத்தின் போக்குவரத்து வடிவமும் துணைநின்றது. இந்தியக் கப்பற் கழகத்தின் 'சிதம்பரம்' பயணியர் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களைப் பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றோடு இணைத்தது. வானூர்திப் பயணத்தோடு ஒப்பிடுகையில் கட்டணம் குறைவு. கொண்டுவரத்தக்க சுமை அதிகம். பயணியின் மூட்டையே பொருளின் போக்குவரத்து ஊர்தியாக இருந்த காலம் அது. 1985 பிப்ரவரியில் கடலில் ஏற்பட்ட தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அக்கப்பல் அதன்பின் சேவைக்குத் திரும்பவில்லை.

அதற்குச் சற்று முன்னர், 1983 டிசம்பரில், நாட்டின் முதல் தனிச் சரக்குப் பெட்டக முனையம் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கப்பட்டது. கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகம் புறப்படும் இடத்தில் முத்திரையிடப்பட்டுச் சேருமிடத்தில் திறக்கப்படுவது. மூட்டைகளாகவும் பெட்டிகளாகவும் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட காலத்தில் பலருடைய கைகள் பொருளைத் தொட்டன. இராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைக் குடும்பங்கள் பலவற்றின் வருவாய் அவ்வுழைப்பைச் சார்ந்திருந்தது. பெட்டகம் வந்தபின் பொருளைத் தொடும் கைகள் குறைந்தன.

இவ்விரு மாற்றங்களாலும் பஜாருக்குப் பொருள் வரும் வழி துறைமுகத்திலிருந்து மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்துக்கு நகர்ந்தது. வழி மாறியபோதும் பஜார் இடம்பெயரவில்லை. வாங்குவோர் அங்கு வருவார்கள் என்பதால் விற்போரும், விற்போர் அங்கு இருப்பார்கள் என்பதால் வாங்குவோரும் தொடர்ந்து கூடினர். ஓரிடம் தோன்றுவதற்கான காரணம் நீங்கிய பின்னரும் அவ்விடம் நிலைத்திருப்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. தடை தளர்ந்த காலம் (1991 – 2005)

1991ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்போது உச்சச் சுங்க வரி 150 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் படிப்படியாக இறங்கி, வேளாண்மை சாராப் பொருள்களுக்கான உச்ச வரி 2007இல் 10 விழுக்காட்டை எட்டியது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவை 2001 ஏப்ரல் 1இல் நீக்கப்பட்டன. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா 1997இல் இணைந்தது. அதன்படி 2005க்குள் கணினி, கைப்பேசி உள்ளிட்டவற்றின் மீதான சுங்க வரி சுழியமாக்கப்பட்டது. சோனி 1994இலும் சாம்சங் 1995இலும் எல்.ஜி. 1997இலும் இந்தியாவில் நிறுவனம் அமைத்து நேரடியாகக் களமிறங்கின.

இரண்டாம் பகுதியில் சுட்டப்பட்ட இரு போட்டியாளரும் இம்மாற்றத்தால் ஒருசேரத் தாக்குண்டனர். டயனோராவும் சாலிடெய்ரும் உள்ளிட்ட வட்டார நிறுவனங்கள் 1990களில் முன்னணி இடத்தை இழந்தன. அவற்றின் பொருள் திடீரெனத் தரம் தாழ்ந்துவிடவில்லை. பாகங்களை மிகப் பெரிய அளவில் வாங்கியும் பல நாடுகளுக்கெனத் திரைகளைத் தாமே உற்பத்தி செய்தும் வந்த நிறுவனங்களின் அடக்கவிலையோடு, பாகங்களை இறக்குமதி செய்து பொருத்திய நிறுவனங்களால் போட்டியிட இயலவில்லை. பாதுகாப்புக் காலத்தில் பாக உற்பத்தியிலும் ஆராய்ச்சியிலும் ஆழம் காணாமையின் விளைவு பாதுகாப்பு நீங்கியபோது வெளிப்பட்டது.

பர்மா பஜாரில் அசல் வெளிநாட்டுப் பொருள் என்ற சொல் தன் கவர்ச்சியை இழந்தது. தெருமுனைக் கடையிலேயே இரசீதோடும் தவணையோடும் அதே பெயர்கொண்ட பொருள் கிடைத்தது. பஜார் தன் பொருளை மாற்றிக்கொண்டது. குறுவட்டுகளும் அவற்றின் திருட்டுப் படிகளும், பின்னர் கைப்பேசிகளும் அவற்றின் துணைப்பொருள்களும் அதன் தட்டுகளை நிரப்பின. கைப்பேசிக்கு வரி நீங்கும்வரை பில் இல்லாத கைப்பேசி அதன் முதன்மைச் சரக்கு. வரி நீங்கியதும் பழுதுநீக்கம், பழைய கைப்பேசி விற்பனை, உறை, மின்னேற்றி ஆகியவற்றுக்கு அது நகர்ந்தது. முதலீடு சிறிதாகவும் இயந்திரம் இல்லாமலும் இருந்ததால் சிறுவணிகருக்கு மாறுவது எளிதாயிற்று. ஆலையையும் தொழிலாளரையும் வைத்திருந்த உற்பத்தியாளருக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை.

இக்காலத்தின் இறுதியில் வாங்குநராகவும் அரசு களத்துக்கு வந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் எல்காட் வழியாக ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொள்முதல் செய்யப்பட்டு வழங்கப்பட்டன. ஒரே வாங்குநர் ஒப்பந்தப்புள்ளி கோரும் சந்தையில் வணிகப்பெயருக்கும் விளம்பரத்துக்கும் மதிப்பில்லை; குறைந்த விலையே வெல்லும். போர்ட்டர் குறிப்பிட்ட வாங்குவோரின் பேரவலிமை அதன் உச்ச நிலையில் வெளிப்பட்ட நிகழ்வு இது.

5. ஆலை தென்மேற்கே, பெட்டகம் வடக்கே (2006 – 2025)

வடசென்னை நெடுங்காலத் தொழிற்பகுதி. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையும் அதன் அடையாளங்கள். இரும்பு, எந்திரப் பாகங்கள், எரிபொருள் ஆகிய எடைமிக்க பொருள்களைக் கையாளும் தொழில்களுக்குத் துறைமுகமும் இரயில் பாதையும் அருகில் இருப்பது பெரும் வசதி. ஆனால் மின்னணு ஆலைகள் இங்கு வரவில்லை. நோக்கியா 2006இலும் சாம்சங் 2007இலும் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் உற்பத்தியைத் தொடங்கின.

இதற்கு நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை, பெங்களூரு நெடுஞ்சாலை ஆகிய காரணங்கள் கூறப்படுவதுண்டு. எடைக்கான மதிப்பு என்னும் மற்றொரு காரணமும் எண்ணத்தக்கது. சில நூறு கிராம் எடையுள்ள கைப்பேசியின் விலையோடு ஒப்பிட்டால் அதை வானூர்தியில் அனுப்பும் செலவு மிகச் சிறிது. மாதிரிகள் விரைவில் பழமையாகிவிடும் சந்தையில் கடலில் கழியும் ஒவ்வொரு வாரமும் இழப்பு. எனவே கைப்பேசி வானூர்தி நிலையத்தைத் தேடுகிறது. குளிர்பதனப் பெட்டி, சலவை எந்திரம், தொலைக்காட்சி ஆகியவை பருமன் மிகுந்தவை என்பதால் கப்பலைத் தேடுகின்றன.

இப்பகுப்பின் விளைவு வடசென்னையின் சாலைகளில் தெரிகிறது. சென்னைத் துறைமுகம், 2001இல் தொடங்கி இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றையும் நோக்கிப் பெட்டக ஊர்திகள் மணலி, மாதவரம், திருவொற்றியூர் வழியே செல்கின்றன. எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் பல்லாண்டுகள் நீண்டது. துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012இல் பணி நின்றது. ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்டு 2022இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலையின் ஊதியம் தென்மேற்கில் சேர்கிறது. ஊர்திகளின் நெரிசலும் புகையும் வடக்கில் சேர்கின்றன. தொழிற்போட்டியின் ஆதாயமும் சுமையும் ஒரே நிலப்பரப்பில் விழுவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

6. வரியே உத்தியாக

எல்லைக் கடப்புச் செலவைக் குறைப்பது சிறுவணிகரின் உத்தி மட்டுமன்று. பன்னாட்டு நிறுவனங்களின் உத்தியும் அதுவே. இந்திய – ஆசியான் சரக்கு வணிக உடன்பாடு 2010 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கைக்குப் பின் தொலைக்காட்சித் திரையின் அடிப்படைப் பாகத்துக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. பாகத்துக்கு வரி உண்டு. உடன்பாட்டின்படி வியட்நாமிலிருந்து வரும் முழுப் பெட்டிக்கு வரி இல்லை. சாம்சங் அவ்வாண்டிலேயே திருப்பெரும்புதூரில் தொலைக்காட்சி உற்பத்தியை நிறுத்தி, வியட்நாமிலிருந்து முழுப் பெட்டிகளை வருவித்தது. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்க விதித்த வரி, உள்நாட்டு உற்பத்தியை வெளியேற்றியது.

2019 செப்டம்பரில் அவ்வரி நீக்கப்பட்டது. 2020 சூலையில் வண்ணத் தொலைக்காட்சி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பாகத்தின் மீது 5 விழுக்காட்டு வரி திரும்பியது. மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கப் பல நாடுகளில் ஆலை வைத்திருப்பவரால் இயலும். ஒரே ஊரில் ஒரே ஆலை வைத்திருப்பவரால் இயலாது. கொள்கையின் நிலையின்மை பெரிய நிறுவனத்துக்குச் சாதகமாக முடிவதை இங்குக் காணமுடிகிறது.

கைப்பேசியின் வரலாறும் இதே பாடத்தைத் தருகிறது. 2017 முதல் இறக்குமதியாகும் கைப்பேசிக்கு மீண்டும் வரி விதிக்கப்பட்டு, 2018இல் அது 20 விழுக்காடாயிற்று. 2024இல் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவ்வரிகள் உடன்பாட்டுக்கு முரணானவை என்று உலக வணிக அமைப்பின் தீர்ப்பாயம் 2023இல் கூறியது. 2020 முதல் உற்பத்திசார் ஊக்கத்தொகைத் திட்டமும் சேர்ந்துகொண்டது. விலையுயர்ந்த கைப்பேசிகளுக்குச் சிங்கப்பூர், துபாய் விலையோடு வேறுபாடு தோன்றியபோது குருவி என்னும் சொல்லும் வானூர்தி நிலையச் சுங்கச் செய்திகளில் மீண்டும் இடம்பிடித்தது. 1970களின் ஒலிப்பதிவுக் கருவி இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி இருக்கிறது.

தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2023–24ஆம் நிதியாண்டில் 956 கோடி அமெரிக்க டாலராக இருந்து, 2024–25இல் 1,465 கோடி டாலராக உயர்ந்தது. இது பெருமைக்குரிய வளர்ச்சியே. ஆயினும் நோக்கியா ஆலையின் முடிவை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணியாற்றிய அந்த ஆலை, 2013இல் எழுந்த வரி வழக்குகளாலும், 2014இல் நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டபோது அதில் சேர்க்கப்படாததாலும், 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கு பணியாற்றிய இளம்பெண்கள் பலர் கற்றிருந்த திறன் அந்த ஆலையின் வரிசைக்கு உரியது. வெளியே அதற்கு விலை கிடைப்பது அரிதாயிற்று.

ஏசர் நிறுவனத்தின் ஸ்டான் ஷி 1992இல் வரைந்துகாட்டிய புன்னகை வளைகோட்டின்படி, வடிவமைப்பும் வணிகப்பெயரும் இரு முனைகளில் மிகுந்த மதிப்பைப் பெறுகின்றன. நடுவில் உள்ள பொருத்தும் பணி குறைந்த மதிப்பையே பெறுகிறது. வளைகோட்டின் நடுப்பகுதியில் நிற்கும் ஆலையைப் பிடித்துவைப்பது சலுகையும் வரியுமே என்றால், அவை மாறும் நாளில் அது நகரும். 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்த மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டமும் மத்திய அரசு அதே ஆண்டில் 22,919 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவித்த உதிரிபாகத் திட்டமும் பொருத்தும் பணியிலிருந்து பாக உற்பத்திக்கு நகரும் முயற்சிகள். டயனோரா, சாலிடெய்ர் காலத்தில் எடுக்கப்படாத அடி இது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

1. 1969 முதல் 1991 வரை சென்னையின் மின்னணுச் சந்தையில் எதிரெதிராக நின்ற பர்மா பஜாரும் உரிமம் பெற்ற உற்பத்தியாளரும் ஒரே தடையின் இரு பக்கங்களில் வாழ்ந்தனர். தடை நீங்கியபோது இருவரும் ஆதாயத்தை இழந்தனர்.

2. எந்தப் பொருள் எவ்வழியே வரும் என்பதை வணிகப்பெயரைவிடப் பொருளின் பருமனும் எடைக்கான மதிப்புமே பெரிதும் முடிவுசெய்தன. அன்று பஜாரையும் ஆலையையும் பிரித்த அதே அளவுகோல் இன்று வானூர்தி நிலையத்தையும் துறைமுகத்தையும் பிரிக்கிறது.

3. சிறுவணிகர் தம் பொருளை மாற்றிக்கொண்டு நிலைத்தனர். பன்னாட்டு நிறுவனங்கள் தம் ஆலையை மாற்றிக்கொண்டு நிலைத்தன. இரண்டையும் செய்ய இயலாத வட்டார உற்பத்தியாளரும் ஆலைத் தொழிலாளருமே மாற்றத்தின் விலையைச் செலுத்தினர்.

4. பாதுகாப்பு வரி தானாகத் தொழில்திறனை வளர்ப்பதில்லை. அது தரும் கால அவகாசத்தில் பாக உற்பத்தியும் வடிவமைப்பும் வேரூன்றினால் மட்டுமே வரி நீங்கிய பின்னரும் தொழில் நிற்கும்.

5. மின்னணு வளர்ச்சியின் கணக்கில் ஏற்றுமதி மதிப்போடு, பெட்டகங்களின் வழித்தடமாக விளங்கும் வடசென்னையின் சாலைகளும் குடியிருப்புகளும் தாங்கும் சுமையும் சேர்க்கப்பட வேண்டும்.

பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்ட சாலையோரக் கடைகளும், பல்லாயிரம் கோடி முதலீட்டில் எழுந்த ஆலைகளும் அளவால் ஒப்பிடத்தக்கவை அல்ல. எல்லையில் விதிக்கப்படும் வரி எத்தகைய வாழ்வுகளை உருவாக்குகிறது, எவற்றைக் கலைக்கிறது என்னும் வினாவுக்கு முன் அவை ஒரே வரிசையில் நிற்கின்றன. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் பெட்டகக் கிடங்குகளில் பணிபுரிவோரின் ஊதியம், பர்மா பஜாரின் இரண்டாம் தலைமுறை வணிகரின் தொழில்மாற்றம் ஆகியவை இவ்வழியில் மேலும் தனித்தனியே ஆராயத்தக்கன.